பி.டி. பீரியடும் மாடிப்படியும்: பள்ளியிலும் வேலையிடத்திலும் உடம்பை அசைய வைப்பது எப்படி

"எல்லாரும் கொஞ்சம் உடம்பை அசைக்கிற மாதிரி ஏதாவது ஏற்பாடு பண்ணுங்களேன்" என்று பள்ளியிலோ கம்பெனியிலோ உங்கள் தலையில் ஒரு பொறுப்பு விழுந்திருந்தால் இது உங்களுக்குத்தான். நீங்கள் ஹெச்.எம். ஆகவோ பி.டி. சாராகவோ எச்.ஆர். ஆகவோ யூனியன்காரராகவோ இருக்கலாம், அல்லது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மாவாக இருக்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செப்டம்பர் 29 உலக இதய நாளுக்குப் பேனர் கட்டி, டீ-ஷர்ட் கொடுத்து, கொடியசைத்து நடத்தும் நடையில் இதைத் தொடங்காதீர்கள். அது அன்றோடு முடிந்துவிடும். தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு, அதாவது பெல்லோடு, டைம்டேபிளோடு, மாடிப்படியோடு, டீ நேரத்தோடு அசைவைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஒவ்வொருவரும் மனசு வைத்தால்தான் நடக்கும் என்று விட்ட எதுவும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும், பெல் அடித்தால் நடக்கும் என்று வைத்தது ஓடிக்கொண்டே இருக்கும்.

இதில் இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், மாரடைப்பு நம் பக்கத்து ஆட்களுக்குச் சீக்கிரம் வருகிறது. 52 நாடுகளில் நடத்தி 2004-இல் வெளியிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களின் சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு அது 59-ஐ ஒட்டி இருந்தது. 53 என்றால் பிள்ளை இன்னும் காலேஜில் இருக்கும், வீட்டுக் கடன் பாதி நிற்கும். அதே ஆய்வு காட்டிய முக்கியக் காரணங்களான புகை, ரத்தக் கொழுப்பு, பி.பி., சர்க்கரை, தொப்பை, உடலுழைப்பு இல்லாமை எல்லாமே நாம் ஏதாவது செய்யக்கூடியவை. 2022 நிலவரப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய அளவு உடம்பை அசைப்பதில்லை என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழ் வரிசையில் ஒரு கணக்கு வந்தது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். வீட்டு வேலை முழுக்கச் செய்கிற பெண்களுக்கும் மூச்சு வாங்குகிற மாதிரி நடக்க, ஓட, விளையாட என்று தனக்கான நேரம் கிடைப்பதில்லை.

எவ்வளவு அசைந்தால் போதும்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க விளையாட வேண்டும், அதில் வாரம் 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்கிற தாவுவது, ஸ்கிப்பிங், கபடி மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வேகநடை மாதிரியான மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் ஓட்டம் மாதிரிக் கடுமையானது, கூடவே வாரம் 2 நாள் தசைப் பயிற்சி. மிதமானதா என்று தெரிந்துகொள்ள வாட்ச் எல்லாம் வேண்டாம், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முன்பு குறைந்தது 10 நிமிடம் தொடர்ச்சியாகச் செய்தால்தான் கணக்கு என்று இருந்தது, 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் படியேறினாலும் கணக்கில் சேரும். பள்ளிக்கும் ஆபீஸுக்கும் இது பெரிய வசதி, ஏனென்றால் அங்கே ஒரு மணி நேரத்தை மொத்தமாக யாரும் கொடுக்க மாட்டார்கள், ஆனால் ஐந்து ஐந்து நிமிடமாகக் கேட்டால் கொடுப்பார்கள்.

பள்ளியில் முதல் வேலை: பி.டி. பீரியடைத் திரும்ப வாங்குவது

புதிதாக எதையும் கொண்டுவருவதற்கு முன், டைம்டேபிளில் ஏற்கெனவே இருக்கிற பி.டி. பீரியட் நிஜமாகவே நடக்கிறதா என்று பாருங்கள். போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு சார் வாங்கிக்கொள்வதும், ரிவிஷன் டெஸ்ட் வைப்பதும், டிசம்பருக்குப் பிறகு பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அந்தப் பீரியடே காணாமல் போவதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். பாட ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவருக்கும் ரிசல்ட் நெருக்கடி இருக்கிறது. ஹெச்.எம். அறையில் ஒரு நோட்டுப் போடுங்கள், எந்த வகுப்புக்கு எந்த நாள் பி.டி. நடந்தது, எந்த நாள் நடக்கவில்லை, யார் வாங்கினார்கள் என்று வகுப்புத் தலைவரே எழுதட்டும். ஒரு மாதக் கணக்கை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தாலே பாதி சரியாகிவிடும். கடன் வாங்கிய பீரியடை அதே வாரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் மீதியும் சரியாகிவிடும்.

பீரியட் கிடைத்தாலும் அதில் எத்தனை பேர் அசைகிறார்கள் என்பது தனிக் கணக்கு. நாற்பது பேருக்கு ஒரு பந்து, ஒரு மட்டை என்று விட்டால் பௌலர், பேட்ஸ்மேன், பந்து போன பக்கம் நிற்பவன் என மூன்று நான்கு பேர்தான் ஓடுவார்கள், மற்றவர்கள் பேட்டிங்குக்குக் காத்து நிற்பார்கள், பெண் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். இதை மாற்ற நிறையப் பணம் தேவையில்லை. மைதானத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு நான்காகப் பிரியுங்கள், ஒரு கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து கால்பந்து, ஒன்றில் எறிபந்து, ஒன்றில் கபடி, ஒன்றில் ஸ்கிப்பிங் கயிறு, எட்டு நிமிடத்துக்கு ஒரு விசில், கட்டம் மாறு. "அவுட் ஆனவன் வெளியே உட்கார்" என்கிற ஆட்டங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதலில் அவுட் ஆகிறவன்தான் அதிகம் ஓட வேண்டிய பிள்ளை. அவுட் ஆனால் பத்து முறை தாவிவிட்டுத் திரும்ப உள்ளே வா என்று மாற்றினால் போதும்.

அடுத்தது தினம் 15 நிமிடம். ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், தலைமையாசிரியர் எலைன் வைலி 2012-இல் 'டெய்லி மைல்' என்று ஒன்றைத் தொடங்கினார். பிள்ளைகள் வகுப்பு நேரத்தில் வெளியே வந்து, போட்டிருக்கிற உடையிலேயே, அவரவர் வேகத்தில் 15 நிமிடம் ஓடலாம் அல்லது நடக்கலாம், திரும்ப வகுப்புக்குப் போய்விடலாம். போட்டி கிடையாது, தனி உபகரணம் கிடையாது. பிறகு பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இதை எடுத்துக்கொண்டன. நம் பள்ளிகளுக்கும் இது அப்படியே பொருந்தும், மைதானம் சின்னது என்ற கவலையும் வேண்டாம். விளையாட்டு அறையில் இருக்கும் 30 மீட்டர் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள், 25 மீட்டர் நீளம் 15 மீட்டர் அகலம் உள்ள முற்றம் என்றால் ஒரு சுற்று 80 மீட்டர், 20 சுற்று வந்தால் 1,600 மீட்டர், அது ஏறக்குறைய ஒரு மைல். மூலைகளில் பிள்ளைகள் முட்டிக்கொள்வார்கள், அதனால் நான்கு மூலையிலும் பழைய டயரோ செங்கல்லோ வைத்து வளைவாக ஆக்குங்கள். திங்கள், புதன், வெள்ளி வலப்பக்கமாகவும் மற்ற நாள் இடப்பக்கமாகவும் சுற்ற விடுங்கள். இரண்டு வகுப்புக்கு மேல் ஒரே நேரத்தில் இறக்காதீர்கள். ஆசிரியரும் கூட நடக்க வேண்டும், டீச்சர் நடப்பதைப் பார்த்தால் பிள்ளைகள் பேசிக்கொண்டே பின்னால் வந்துவிடும்.

வெயிலை நினைவில் வைத்துத்தான் நேரம் போட வேண்டும். மார்ச், ஏப்ரலில் 11 மணிக்கு மேல் வெயில் தணியும் வரை மைதானம் வேண்டவே வேண்டாம், பிரேயரை ஒட்டிய காலை நேரமோ கடைசிப் பீரியடோ சரியாக இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட வகுப்புக்கு வராண்டாவில் ஸ்கிப்பிங், வகுப்பறையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபடி செய்கிற பயிற்சி. தண்ணீர் குடிக்கப் பெல் அடிக்கிற பள்ளிகளில் அதே பெல்லோடு இரண்டு நிமிடம் எழுந்து கைகால் நீட்டுவதைச் சேர்த்துவிடலாம்.

இப்போது நான் மிகவும் வேண்டிக் கேட்பது ஒன்று: ஓட்டத்தைத் தண்டனை ஆக்காதீர்கள். லேட்டா வந்தால் கிரவுண்டை நாலு சுற்று, ஹோம்வொர்க் எழுதாவிட்டால் ஐம்பது தோப்புக்கரணம் என்று பழக்கினால் அந்தப் பிள்ளை நாற்பது வயது வரை ஓடுவதை அவமானமாகத்தான் நினைக்கும். அதேபோல, சத்தம் போட்டதற்காக ஒரு வகுப்பின் பி.டி. பீரியடை ரத்து செய்வதும் கூடாது. எடை பார்க்கும்போது எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்காதீர்கள், பிள்ளைகள் பட்டப்பெயர் வைக்க அது ஒன்றே போதும்.

எட்டாம் வகுப்பைத் தாண்டினால் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு விலகுவதைப் பார்க்கலாம். உலக அளவிலும் 11 முதல் 17 வயதில் 5 பேரில் 4 பேர் போதிய அளவு அசைவதில்லை, அதிலும் பெண் பிள்ளைகள்தான் கூடுதல். அவர்களுக்கு விருப்பம் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வருகிற கழிப்பறை, நாப்கின், துப்பட்டாவைக் கழற்றி வைக்க ஒரு இடம், உடை மாற்ற ஒரு அறை, பக்கத்தில் ஒரு டீச்சர், நடுவே பசங்களின் பந்து வந்து விழாத ஒரு மூலை. இவ்வளவும் இருந்தால் எறிபந்தும் கோ-கோவும் தானாகச் சூடு பிடிக்கும். நடனம் கேட்டால் பாட்டுப் போட்டு ஆட விடுங்கள், இதயத்துக்கு அதுவும் ஓட்டம்தான்.

எந்தப் பிள்ளையை முதலில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, ஓடினால் நெஞ்சு வலிக்கிறது என்கிற பிள்ளை, உதடு நீலம் பாய்கிற பிள்ளை, வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிற பிள்ளை. இவர்களுக்கு இதயத்தைப் பரிசோதித்த பிறகுதான் கடுமையான பயிற்சி. தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து முட்டி, கணுக்கால், முழங்கை என்று மூட்டு மூட்டாக வீக்கம் மாறி மாறி வந்தால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் இதய வால்வைக் கெடுத்துவிடும். அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவப் பரிசோதனைக் குழுவிடம் இந்தப் பெயர்களைத் தனியாக எழுதிக் கொடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையை மட்டும் ஓரத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள், இன்ஹேலர் கையில் இருக்கட்டும், டாக்டர் சொன்னபடி விளையாடட்டும்.

கேட்டுக்கு வெளியே இருப்பதும் நம் பொறுப்புதான். கல்வி நிறுவனத்தில் இருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள தீனிகளைப் பள்ளிக்குள்ளும் கேட்டில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் கொய்யாவும் நெல்லிக்காயும் வேர்க்கடலையும் விற்கிற பாட்டியையும் சேர்த்துத் துரத்திவிட வேண்டாம், அவர் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

வேலையிடத்தில்

1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார். இரண்டடுக்கு பஸ், ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் நாள் முழுக்கப் படியேறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது, வந்தாலும் பிந்தியும் லேசாகவும் வந்தது. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆராய்ச்சியே பெரிதாகக் கிளம்பியது இதற்குப் பிறகுதான். அந்தக் கண்டக்டர்களைப் படியேற வைத்தது ஜிம் இல்லை, அவர்கள் வேலைதான்.

ஆகவே உங்கள் ஆபீஸில் முதலில் மாடிப்படியைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான கட்டடங்களில் லிப்ட் வாசலிலேயே பளபளவென்று இருக்கும், படிக்கட்டு ஒரு கனமான கதவுக்குப் பின்னால் இருக்கும். கதவைத் திறந்தால் ஒரு பல்பு எரியாது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் உடைந்த நாற்காலியும் பழைய மானிட்டர் அட்டைப் பெட்டியும் கிடக்கும், மூலையில் சிகரெட் நாற்றம் அடிக்கும், நான்காவது மாடியில் கதவு அந்தப் பக்கம் பூட்டியிருக்கும். "படியைப் பயன்படுத்துங்கள்" என்று அங்கே ஸ்டிக்கர் ஒட்டி என்ன பயன்? பெட்டிகளை எடுக்கச் சொல்லுங்கள் (தீப்பிடித்தால் எல்லாரும் இறங்க வேண்டிய வழியும் அதுதான்), பல்பு மாற்றுங்கள், வெள்ளையடியுங்கள், தினமும் பெருக்கச் சொல்லுங்கள், உள்ளே வருகிற கார்டு எல்லா மாடிக் கதவுக்கும் வேலை செய்யும்படி மாற்றுங்கள், பெண்கள் தயங்காமல் வருகிற அளவுக்கு வெளிச்சமும் கேமராவும் வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஸ்டிக்கர் ஒட்டலாம். ஏறுவதற்கு இரண்டு மாடி, இறங்குவதற்கு நான்கு மாடி என்று பேசி வைத்துக்கொண்டால் பலர் வருவார்கள். முட்டி வலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

உட்கார்ந்தே இருக்கிற வேலையில் அரை மணிக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் எழுந்து நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. எல்லார் மேசையிலும் இருக்கும் குப்பைத் தொட்டியை எடுத்துவிட்டு ஓரமாக ஒன்று வையுங்கள், தண்ணீரை மேசைக்குக் கொண்டுவந்து கொடுப்பதை நிறுத்துங்கள். இரண்டு பேர் பேச வேண்டிய மீட்டிங்கை நடந்துகொண்டே பேசலாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை என்று நாலு பேர் தொடங்கினால் போதும், ஆள் சேரும். மேலாளர் தானும் வந்தால் இன்னும் நல்லது, அவர் இருக்கையில் இருந்து முறைத்துக்கொண்டிருந்தால் யாரும் எழ மாட்டார்கள்.

பனியன் கம்பெனிகளுக்கு இந்த அறிவுரை அப்படியே ஒத்துவராது. பீஸ் ரேட்டில் தைக்கிறவர் எழுந்து நின்றால் அந்த நிமிடத்துக்குக் காசு போய்விடும், அவரிடம் போய் ஆரோக்கியம் பேசினால் எப்படி எழுவார்? லைன் முழுக்க மெஷினை நிறுத்தி, சம்பளத்தோடு ஐந்து நிமிடம் விட வேண்டும், காலையில் ஒன்று, மதியத்துக்குப் பிறகு ஒன்று. இதை நிர்வாகம்தான் செய்ய முடியும்.

ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட்டில் கதை தலைகீழ். அங்கே பத்து மணி நேரம் நின்று கால் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா, அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாரா, இரண்டையும் பாருங்கள். மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலை செய்கிறவரிடமும் தினம் நடங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்கப் பாரம் தூக்குவது இதயத்துக்கு நல்லது செய்கிற ஓய்வுநேர ஓட்டத்தைப் போன்றது அல்ல. அவர்களுக்கு நிழல், தண்ணீர், இடைவேளை, பி.பி. பரிசோதனை, புகையை விட உதவி, இவைதான் தேவை.

கேன்டீனில் மூன்று மாற்றம் மட்டும் சொல்கிறேன். டீயைச் சர்க்கரை போடாமல் வைத்து, சர்க்கரையைத் தனியாக வையுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். மேசையில் இருக்கும் உப்பு டப்பாவையும் ஊறுகாயையும் எடுத்து, கேட்டால் கொடுங்கள், ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாலு மணிக்குப் பஜ்ஜி, சமோசாவோடு சுண்டலும் இருக்கட்டும், அதே விலைக்கோ குறைவாகவோ.

ஸ்டெப் கவுண்ட் போட்டியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே நடக்கிற நாலு பேர்தான் எப்போதும் முதலில் வருவார்கள். வைக்கத்தான் வேண்டும் என்றால் குழுவாக வையுங்கள், போன மாதத்தைவிட எவ்வளவு கூடியது என்று கணக்கிடுங்கள்.

பி.பி. பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் தப்பாகப் பார்க்கிறார்கள். படியேறி வந்த உடனே பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும், கால் தரையில், கை மார்பு உயரத்தில் மேசை மேல். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, காபி, சிகரெட் கூடாது, பார்க்கும்போது பேசக் கூடாது. வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தொடர்ச்சியாக 2024-இல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று வேலையிடத்துக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிற ஏற்பாடு வந்திருக்கிறது, உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பரிசோதனை முடிவு அந்த ஊழியர் கைக்கு மட்டும் போக வேண்டும். எச்.ஆர். பார்ப்பார், கான்ட்ராக்ட் போய்விடும் என்ற பயம் வந்துவிட்டால் அடுத்த முறை யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

நெஞ்சு வலி என்று யாராவது சொன்னால்

நம் ஊரில் அதிகம் உயிரைக் குடிப்பது "கேஸ்தான், ஒரு சோடா குடி, சரியாயிடும்" என்கிற வார்த்தை. நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி பெரிதாக இல்லாமல் வெறும் அசதி, வாந்தி, மூச்சு முட்டல் என்றும் வரலாம். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த 14 மாத்திரை முதல் டோஸாகக் கையிருப்பில் வைத்திருக்கிறார்கள். ஊர்ப்புறத்தில் இருக்கிறவர்கள் பக்கத்து நிலையம் எங்கே என்று இப்போதே தெரிந்து வையுங்கள்.

ஆள் சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அழுத்தி ரத்தம் ஓட வைக்கிற முதலுதவி. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே கற்றுக் கொடுக்கலாம், வருஷத்துக்கு ஒருமுறை பொம்மை வைத்துச் செய்து பார்க்க வைக்க வேண்டும். வேலையிடத்தில் ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும், செக்யூரிட்டியை விட்டுவிடாதீர்கள், ராத்திரியில் அவர்தான் முதலில் ஓடி வருவார்.

நின்றுபோகாமல் இருக்க

மூன்று மாதம் கழித்து எத்தனை பி.டி. பீரியட் நிஜமாக நடந்தது, மதிய நடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள், எடை குறைந்ததா என்று கேட்க வேண்டாம். வராதவர்களிடம் தனியாக, குற்றம் சொல்லாமல் காரணம் கேளுங்கள். செருப்பு சரியில்லை, அந்த நேரத்தில் கஸ்டமர் கால் வருகிறது, கூட வருகிறவர் கிண்டல் செய்கிறார் என்று சரிசெய்யக்கூடிய காரணமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

பி.டி. சாருக்கு டிரான்ஸ்பர் வந்தால், எச்.ஆர். வேறு கம்பெனிக்குப் போனால் எல்லாம் அப்படியே நின்றுவிடுவதைத்தான் பல இடங்களில் பார்க்கிறோம். அதனால் பள்ளி என்றால் மே மாதமே டைம்டேபிள் போடுகிற ஆசிரியர் பக்கத்தில் போய் உட்காருங்கள், 15 நிமிட நடையைத் தனிக் கட்டமாகப் போட வைத்து, ஹெச்.எம். கையெழுத்தோடு ஜூன் முதல் நாளே எல்லா வகுப்பிலும் ஒட்டிவிடுங்கள். கம்பெனி என்றால் மெஷின் நிறுத்தும் ஐந்து நிமிடத்தை ஷிப்ட் அட்டவணையிலேயே ஏற்றச் சொல்லுங்கள், படிக்கட்டைப் பெருக்குவதையும் பல்பு மாற்றுவதையும் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் ஒரு வரியாக எழுத வையுங்கள்.